வீட்டிலிருந்து வேலையும் சென்னைப் புறநகரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடவாக்கம் பகுதியில் குடியிருப்போர் நலச் சங்கப் பணிகளில் இருப்பதால், வீடு மாற்ற நினைப்பவர்களும், வீடு வாங்க வருபவர்களும், அலுவலகம் மறுபடியும் கூப்பிட்டுவிட்டதே என்று தவிப்பவர்களும் கேட்கும் ஐயங்கள் தொடர்ந்து என் காதில் விழுகின்றன. கேட்பவர் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எளியவற்றை முதலிலும் சிக்கலானவற்றைப் பின்னாலும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அலுவலகம் சுமந்துகொண்டிருந்த இடமும் மின்சாரமும் உணவும் பாதுகாப்பும் இப்போது வீட்டின் மீதும் தெருவின் மீதும் இறங்கியிருக்கின்றன. இரவில் வந்து உறங்குவதற்கென்றே கட்டப்பட்ட நம் புறநகர்கள் பகல் வாழ்க்கைக்கு இன்னும் தயாராகவில்லை. கீழேயுள்ள பதில்களில் பலவும் இந்தக் கவலையிலிருந்து எழுதப்பட்டவை.

ஒர்க் ஃப்ரம் ஹோம், ஹைப்ரிட், ரிமோட் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. அலுவலகத்துக்கு வரவே தேவையில்லை, எந்த ஊரிலிருந்தும் வேலை செய்யலாம் என்பது ரிமோட். வாரத்தில் சில நாள் அலுவலகம், மற்ற நாள் வீடு என்பது ஹைப்ரிட். வீட்டிலிருந்து வேலை என்ற பொதுச்சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்துகிறோம். சென்னையில் இன்று பரவலாகக் காணப்படுவது ஹைப்ரிட்.

வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம்; வாழும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது மிகப் பெரிது. ரிமோட் வேலையில் இருப்பவர் தென்காசியிலோ தஞ்சாவூரிலோ குடியிருக்கலாம். ஹைப்ரிட் வேலையில் இருப்பவர் காலையில் கிளம்பி மாலையில் திரும்பக்கூடிய தொலைவைத் தாண்ட முடியாது. ஆகவே எந்தக் கேள்விக்கும் முன்னால், உங்களுடையது எந்த ஏற்பாடு என்பதை நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான கொள்கையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி வீடு மாற்ற வேண்டாம்.

இதெல்லாம் கொரோனாவால் வந்த பழக்கம்தானே?

பெருமளவில் பரவியது 2020 மார்ச் ஊரடங்கில்தான். ஆனால் சென்னைக்கு ஒரு முன்கதை உண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலையில் இருந்த சில மென்பொருள் நிறுவனங்கள் தண்ணீர் இல்லாத காரணத்தால் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. அலுவலகக் கட்டடத்துக்குத் தண்ணீர் லாரி வரவில்லை என்பதற்காக வேலை வீட்டுக்குப் போனது. அந்த வீடுகளுக்கும் அதே லாரிதான் வரவேண்டியிருந்தது என்பதை அன்று பலரும் பேசவில்லை.

கால் சென்டர், பி.பி.ஓ. வேலைகளுக்குத் தொலைத்தொடர்பு விதிகளே தடையாக இருந்தன. 2020 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை அந்த விதிகளைத் தளர்த்தி, வீட்டிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் வேலை செய்ய வழிவிட்டது. ஊரடங்கு முடிந்த பிறகும் இந்தப் பழக்கம் நீடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளிநாடுகளில் நகரத்தின் நடுப்பகுதி காலியாகிவிட்டது என்று படித்தேன். சென்னையிலும் அப்படித்தானா?

நீங்கள் படித்தது சரி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அர்ஜுன் ரமணியும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பெருநகரங்களின் மையத்திலிருந்து குடும்பங்களும் தேவையும் அதே நகரங்களின் புறநகர்களுக்கு நகர்ந்ததைக் காட்டினார்கள். மெதுவடையைப் போல நடுவில் ஓட்டை, சுற்றிலும் கனம்.

அந்த வடிவத்தை அப்படியே சென்னையின் மீது வைத்துப் பார்ப்பதில்தான் பிழை நேர்கிறது. நம் நகரத்தின் நடுப்பகுதியில் இருப்பவை உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம், பாரிமுனையின் மொத்த வியாபாரம், தியாகராய நகரின் துணிக்கடைகளும் நகைக்கடைகளும், பெரிய மருத்துவமனைகள், மயிலாப்பூரின் மாட வீதிகள். இவற்றில் எதையும் மடிக்கணினிக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துச்செல்ல முடியாது. எடுத்துச்செல்லக்கூடிய வேலைகளில் பெரும்பகுதி 2000-இல் தரமணியில் டைடல் மென்பொருள் பூங்கா திறந்ததற்குப் பிறகு தெற்கு விளிம்பை நோக்கிப் போய்விட்டது: பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி. மேற்கே மணப்பாக்கம், நடுவில் கிண்டி என்று வேறு முனைகளும் உண்டு.

அதனால் சென்னையில் 2020-இல் ஓட்டை விழுந்தது புறநகரில்தான். ரங்கநாதன் தெருவில் கூட்டம் ஊரடங்கு முடிந்ததும் திரும்பிவிட்டது, ஓ.எம்.ஆர். சாலையின் உட்தெருக்களில் 'வீடு வாடகைக்கு' அட்டைகள் நெடுநாள் தொங்கின. வெளிநாட்டு அனுபவத்தை வைத்து, புறநகரில் எது வாங்கினாலும் விலை ஏறும் என்று சொல்லும் தரகர்களிடம் இந்த ஒரு வேறுபாட்டைக் கேட்டுப்பாருங்கள்.

வாரத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருக்கிறார்கள். பிறகு ஏன் ஓ.எம்.ஆர். நெரிசல் குறையவே இல்லை?

மூன்று காரணங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. முதலாவது, அலுவலக நாள்கள் பரவலாகப் பிரியவில்லை. பெரும்பாலான குழுக்கள் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாள்களையே தேர்ந்தெடுப்பதால், அந்த நாள்களில் சாலை பழையபடி நிரம்புகிறது. சாலையின் தேவை உச்ச நேரத்தைப் பொறுத்தது. வெள்ளிக்கிழமை காலியாக இருப்பதால் புதன்கிழமைக்கு ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது, மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் சாலை சுருங்கியிருக்கிறது. இந்தப் பணிகளைக் காரணம் காட்டித்தான் 2021 ஆகஸ்ட் இறுதியில் பெருங்குடி உள்ளிட்ட நான்கு சுங்கச்சாவடிகளில் கட்டணம் நிறுத்தப்பட்டது. நாவலூரில் 2023 அக்டோபரில் நிறுத்தினார்கள்.

மூன்றாவதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். தினமும் போகும் ஊழியருக்கு நிறுவனப் பேருந்தும் மாதப் பயணச்சீட்டும் பொருந்தும். வாரம் இரண்டு மூன்று நாள் மட்டும், அதுவும் மாறி மாறிப் போகிறவர், "இன்றைக்கு ஒரு நாள்தானே" என்று சொந்த இருசக்கர வாகனத்தையோ காரையோ எடுத்துவிடுகிறார். பயணங்கள் குறைந்தாலும் ஒவ்வொரு பயணமும் சாலையில் அதிக இடத்தை எடுத்துக்கொள்கிறது.

ஐ.டி. அலுவலகங்களைச் சுற்றி மெஸ்ஸும் டீக்கடையும் நடத்தினவர்கள் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஓர் ஐ.டி. ஊழியரின் அலுவலக நாளைச் சுற்றி எத்தனை பேரின் பிழைப்பு இருந்தது என்று எண்ணிப்பாருங்கள். காலை இட்லிக் கடை, ஷேர் ஆட்டோ, வேன் ஓட்டுநர், அலுவலகத் துப்புரவுப் பணியாளர், காவலாளி, கேன்டீன் சமையல்காரர், மாலை பஜ்ஜிக் கடை, ஆண்கள் பி.ஜி., லேடீஸ் ஹாஸ்டல். ஊழியர் வீட்டுக்குப் போனபோது சம்பளம் அவருடன் போனது. இவர்களுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் ஓ.எம்.ஆர். ஓரத்திலும் அதன் உட்பகுதியிலும் குடியமர்த்தப்பட்டன. பழைய வேலைகள் தொலைவாகிவிட, அங்குள்ள பெண்களில் பலர் பக்கத்து மென்பொருள் வளாகங்களில் ஒப்பந்ததாரர் மூலம் துப்புரவு வேலைக்கும், அடுக்ககங்களில் வீட்டு வேலைக்கும் போனார்கள். வளாகம் மூடினால் முதலில் நின்றது அவர்கள் கூலி. பிறகு வளாகங்கள் திறந்தாலும், பாதி இருக்கைகள் காலியான தளத்துக்கு முன்போல ஆள் தேவைப்படவில்லை.

மறுபக்கமும் உண்டு. செலவழியும் இடம் மாறியிருக்கிறது. மேடவாக்கம், சேலையூர், பம்மல், போரூர் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் பகல் நேரத்தில் சாப்பாட்டுக் கடை, இஸ்திரி வண்டி, காய்கறிக் கடை, வீட்டுச் சமையலை டப்பாவில் கொடுத்தனுப்பும் பெண்கள் ஆகியோருக்கு வாரநாள் வியாபாரம் கிடைக்கிறது. ஓரிடத்தில் இழந்தவரும் வேறிடத்தில் பெற்றவரும் ஒரே ஆள் அல்லர் என்பதுதான் வருத்தம்.

வாடகைக்கு வீடு தேடுகிறேன். ஆபீஸ் பக்கத்தில் எடுப்பதா, தள்ளி எடுப்பதா?

வாரக் கணக்குப் போடுங்கள். ஒரு வழிக்கு அரை மணி நேரம் என்றால் மூன்று அலுவலக நாளுக்கு வாரம் 3 மணி நேரம். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 9 மணி நேரம். இடையிலுள்ள 6 மணி நேரத்துக்கு ஈடாக எவ்வளவு வாடகை குறைகிறது, எவ்வளவு இடம் கூடுகிறது என்று பாருங்கள். அதே கணக்கை ஐந்து நாளுக்கும் போட்டுப் பாருங்கள். நிறுவனம் நாளைக்கே முழுமையாகக் கூப்பிட்டாலும் தாங்குமா என்பது தெரியும்.

அட்வான்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய வழக்கமே தவிரச் சட்டமன்று. ஹைப்ரிட் ஊழியர் எப்போது இடம் மாற நேருமோ தெரியாது என்பதால், பெரிய முன்பணத்தில் சிக்கிக்கொள்ளாமல் இருப்பது உங்களுக்கு இன்னும் முக்கியம்.

வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். ஒரு வாரநாள் பகல் 11 மணிக்குப் போய், அலைபேசி சிக்னல், எந்த நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பு அந்தத் தெருவுக்கு வருகிறது, பக்கத்தில் கட்டடம் இடிக்கிறார்களா, மின்வெட்டின்போது பேக்கப் வீட்டுக்கும் உண்டா அல்லது லிஃப்ட்டுக்கு மட்டுமா என்று பாருங்கள். பகலில் நீங்கள் வாழப்போகும் இடம் அது.

தினமும் போகவேண்டாம் என்பதால் ஊருக்கு வெளியே வாங்கலாம் என்றிருக்கிறோம். கூடுவாஞ்சேரி, திருநின்றவூர் பக்கம் எப்படி?

ரயில் பாதையை ஒட்டிய ஊர்கள் என்பதால் இரண்டும் ஓ.எம்.ஆர். உட்பகுதியைவிட ஒரு விதத்தில் மேலானவை: வாரம் மூன்று நாள் போகிறவருக்கு மின்சார ரயில் நம்பகமான, மலிவான வழி. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்ததிலிருந்து தென்மாவட்டப் பயணமும் கூடுவாஞ்சேரிக்காரர்களுக்கு எளிதாகியிருக்கிறது. பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. வடமேற்குப் புறநகருக்கும் அலுவலகம் வரத்தொடங்கியிருப்பதன் அடையாளம் அது.

ஆனால் வீட்டின் விலையைப் பார்க்கும் அதே கவனத்துடன் ஊரின் பகலையும் பாருங்கள். பல புறநகர்களில் பேருந்துகள் காலையிலும் மாலையிலும் நகரத்தை நோக்கி ஓடுகின்றன. பகல் 12 மணிக்கு ஒரு தெருவிலிருந்து பக்கத்து நகருக்குப் போக வழி இல்லை. நடைபாதை இல்லை, நிழல் தரும் மரம் இல்லை, நூலகம் இருந்தால் ஓர் அறை. வீட்டில் பத்து மணி நேரம் இருந்துவிட்டு மாலையில் நடக்க இறங்கினால், நடப்பதற்கு நெடுஞ்சாலை ஓரம்தான் இருக்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022-இல் விரிவாக்கப்பட்டது. வரைபடத்தில் எல்லை விரிந்த வேகத்தில் இந்தச் சிறிய வசதிகள் வரவில்லை.

வீட்டில் இருப்பதே ஹாலும் ஒரு பெட்ரூமும்தான். எங்கே உட்கார்ந்து வேலை செய்வது?

இதற்கு மந்திரம் எதுவும் இல்லை. முடிந்தால் வாரத்தில் சில மணி நேரம் வெளியே போங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கெனத் தனிப் பகுதியே உண்டு. பேச வேண்டிய அழைப்புகள் இல்லாத நாளுக்கு ஏற்றது. கொளத்தூரில் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிப்பதற்கும் பகிர்ந்து வேலை செய்வதற்கும் குறைந்த கட்டணத்தில் இடம் தருகிறார்கள்.

இப்படி ஒன்று ஒவ்வொரு பேரூராட்சியிலும் நகராட்சியிலும் வரவேண்டும் என்பதே என் எண்ணம். ஓர் அறை வீட்டில் இருக்கும் இளைஞருக்குத் தனியார் கோ-ஒர்க்கிங் கட்டணம் கட்டுப்படியாகாது. நடந்து போகும் தொலைவில் மேசை, மின்விசிறி, இணையம், கழிவறை ஆகிய நான்கும் இருந்தால் போதும்.

கரண்ட் பில் எகிறிவிட்டது. இதைக் கம்பெனிதானே தர வேண்டும்?

தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் பொதுவான சட்டம் இல்லை. சில நிறுவனங்கள் இணையத்துக்கோ நாற்காலிக்கோ தாமாகத் தொகை தருகின்றன. மாதச் சம்பளக்காரர் வீட்டு மின்கட்டணத்தை வருமான வரியில் செலவாகக் கழிக்கவும் முடியாது.

பில் ஏன் திடீரென்று துள்ளுகிறது என்பதைப் புரிந்துகொள்வது பயன் தரும். நமக்குக் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டண முறைப்படி, முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலை போய்விடுகிறது. 500-க்கு மேற்பட்டவற்றுக்கு விலையும் படிப்படியாகக் கூடுகிறது. வழக்கமான ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 யூனிட் இழுக்கும் என்று வைத்தால், தினம் 8 மணி நேரமாக இரண்டு மாதத்தில் 44 வேலைநாளுக்கு 350 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. இது அலுவலகத்தின் குளிர்சாதனச் செலவு உங்கள் மீட்டரில் ஓடுவது. வீட்டில் இருவர் வேலை செய்தால் இரண்டு அறையில் இரண்டு ஏசி போடாமல் ஓரறையில் அமர்வது ஒன்றுதான் நான் கண்ட உடனடி வழி. அழைப்புகளின் சத்தத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

"வீட்டில்தானே இருக்கிறாய்" என்று எல்லா வேலையும் என் தலையில் விழுகிறது. இதற்கு என்ன வழி?

பெண்களிடமிருந்து அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பயண நேரம் மிச்சமாவது உண்மை. அந்த நேரம் யாருக்குப் போகிறது என்பதே கேள்வி. கணவர் வீட்டிலிருந்து வேலை செய்தால் அறைக்கதவு சாத்தப்படுகிறது. மனைவி வேலை செய்தால் கதவு திறந்தே இருக்கிறது. குக்கர் விசில், தண்ணீர் லாரி, கூரியர், மாமியாரின் மாத்திரை, பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தை என எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். நலச் சங்கக் கூட்டத்தில்கூட, "பகலில் வீட்டில் இருக்கும் பெண்கள் யாராவது இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளலாமே" என்ற பேச்சு எழுகிறது. அவர்கள் வேலையில் இருக்கிறார்கள் என்பதை அங்கே எழுந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள் செய்யக்கூடியது, வேலை நேரத்தை அலுவலக நேரம் போலவே குடும்பம் முழுவதும் அறியும்படி வைப்பதும், அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது என்று பெயர் சொல்லித் தீர்மானிப்பதும். குழந்தை மடியில் இருக்க வேலை செய்யலாம் என்பதை எந்தத் தாயும் நம்ப வேண்டாம்.

சட்டத்தில் ஓர் இடம் உண்டு. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், வேலையின் தன்மை இடம் கொடுத்தால் மகப்பேறு விடுப்புக்குப் பின் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்ய வழிவகுத்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் இருந்தால் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த ஏற்பாடுகள் உள்ளன. வீட்டிலிருந்து வேலை கொடுத்துவிட்டோம், காப்பகம் எதற்கு என்று ஒரு நிறுவனம் சொன்னால் அது சரியன்று. அலுவலகம் வரும் நாளுக்குக் காப்பகம் தேவைதான்.

மழை வந்தால் "ஒர்க் ஃப்ரம் ஹோம்" என்று அறிவித்துவிடுகிறார்கள். வீட்டில் கரண்டே இல்லையென்றால்?

2024 அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்தபோது, ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்குமாறு தமிழக அரசே அறிவுறுத்தியது. சாலையில் ஆயிரக்கணக்கானோர் சிக்காமல் இருக்க அது நல்ல முடிவு. ஆனால் அலுவலகங்களைவிட வீடுகளுக்குத்தான் வெள்ளத்தில் ஆபத்து அதிகம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பகுதிகளில் தண்ணீர் வடியாமல் நின்றது. மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் பல இடங்களில் நாள்கணக்கில் இல்லை. அலுவலக வளாகங்களில் ஜெனரேட்டர் உண்டு.

தெற்குப் புறநகரின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. அந்த மடுவின் குறுக்கேதான் ஓ.எம்.ஆர். சாலை செல்கிறது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற இந்தச் சதுப்பு நிலத்தைச் சுற்றித்தான் மென்பொருள் ஊழியருக்கான அடுக்ககங்கள் எழுந்தன. ஆகவே மழைநாளில் வேலை செய்ய முடியாதவருக்கு அதை விடுப்பாகக் கழிக்கக்கூடாது என்பதை நிறுவனக் கொள்கையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வீடு தேடுபவர்கள், வாடகை வீடு பற்றிய பதிலில் சொன்னவற்றுடன், 2015-இலும் 2023-இலும் அந்தத் தெருவில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு நின்றது என்று பக்கத்து மளிகைக் கடையில் விசாரியுங்கள். தரகர் சொல்லமாட்டார்.

சென்னையே வேண்டாம், சொந்த ஊருக்குப் போய்விடலாமா?

முழு ரிமோட் வேலை என்றால் தாராளமாக. ஜோஹோ நிறுவனம் 2011-லேயே தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கி, மென்பொருளுக்குப் பெருநகரம் கட்டாயமில்லை என்று காட்டியது. விழுப்புரத்தில் 2024 பிப்ரவரியிலும், தஞ்சாவூரிலும் சேலத்திலும் அதே ஆண்டு செப்டம்பரிலும் சிறு டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. வயதான பெற்றோருடன் இருக்க முடிவது எந்தச் சம்பள உயர்வைவிடவும் பெரிது என்று சொல்பவர்களை நான் அறிவேன்.

ஹைப்ரிட் என்றால் வேறு கதை. மாதத்தில் சில நாள் வந்து போகிறவர்கள் தங்கும் இடத்துக்குத் திண்டாடுகிறார்கள். பெண்களுக்குத் தாம்பரம், கூடுவாஞ்சேரி உள்ளிட்ட இடங்களில் அரசு நடத்தும் 'தோழி' விடுதிகளில் குறுகிய காலத்துக்கும் தங்கலாம்.

ஊரிலிருந்து வேலை செய்தால் எச்.ஆர்.ஏ. விலக்கு உண்டா? அலுவலகம் சென்னைதானே?

எச்.ஆர்.ஏ. என்பது சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படி. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே இந்த விலக்கு. கணக்கில் எடுப்பது அலுவலகம் இருக்கும் ஊரை அல்ல, நீங்கள் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் ஊரை. சென்னையில் வாடகை வீடு என்றால் உச்ச வரம்பு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம். மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் 40 சதவீதம். வாடகையே கொடுக்காமல் பெற்றோர் வீட்டில் இருந்தால் விலக்கு இல்லை. அவர்களுக்கு உண்மையாக வாடகை கொடுத்தால் கோரலாம். ஆனால் பணம் வங்கி வழியாகப் போவது நல்லது, அவர்கள் அதை வருமானமாகக் காட்டவும் வேண்டும். சென்னை முகவரியிலேயே ரசீதைத் தொடர்ந்து கொடுப்பது பொய்க்கணக்கு. செய்யாதீர்கள்.

ஆபீஸுக்கு முகம் காட்டாவிட்டால் புரமோஷன் கிடைக்காது என்கிறார்களே?

முன்னே குறிப்பிட்ட புளூம் இதையும் ஆராய்ந்திருக்கிறார். சீனப் பயண நிறுவனமான சீட்ரிப்பின் அழைப்பு மையத்தில் செய்த சோதனை 2015-இல் வெளியானது. வீட்டிலிருந்தவர்களின் வேலைத் திறன் 13 சதவீதம் உயர்ந்தது. ஆனால் அந்தத் திறனுக்கேற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தனிமையும் வாட்டியதால் சோதனை முடிந்தபின் பாதிப் பேர் அலுவலகம் திரும்ப விரும்பினார்கள். அது அநேகமாக முழுநேரமும் வீட்டில் இருந்த ஏற்பாடு.

அதே நிறுவனத்தில் 1,612 பட்டதாரி ஊழியர்களை வைத்துச் செய்த அடுத்த ஆய்வு 2024-இல் வந்தது. வாரம் இரண்டு நாள் மட்டும் வீடு. வேலைத் தரத்திலும் பதவி உயர்விலும் குறைவு தெரியவில்லை. வேலையை விட்டுப் போவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். ஆகவே அச்சத்துக்கு அடிப்படை முழுநேர ரிமோட்டில்தான் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என் அறிவுரை: முதல் ஒன்றிரண்டு ஆண்டு கூடுதலாகவே அலுவலகம் போங்கள். பக்கத்து மேசையில் மூத்தவர் ஒரு சிக்கலை அவிழ்ப்பதைப் பார்த்துக் கற்பது திரை வழியாகக் கிடைப்பதில்லை.

எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் நான்கு ஆட்களை வைத்து வீட்டிலேயே கம்பெனி நடத்துகிறார். இதுவும் ஒர்க் ஃப்ரம் ஹோம்தானே?

அன்று. குடியிருப்பவர் தன் மடிக்கணினியில் வேலை செய்வது வீட்டுப் பயன்பாடு. வெளியாட்கள் தினமும் வந்து வேலை செய்தால் அது அலுவலகம். மின்கட்டணமும் சொத்துவரியும் குடியிருப்பு அல்லாத பயன்பாட்டுக்கு உரியவையாக மாறும். முதலில் அவரிடம் நயமாகப் பேசுங்கள். சங்கத்தின் விதிகளில் இது பற்றித் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து வேலை என்று நம்பி லோன் போட்டு வீடு வாங்கிவிட்டோம். இப்போது முழுமையாக வரச் சொன்னால் மறுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. வீட்டிலிருந்து வேலை செய்வதைப் பொதுவான உரிமையாக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. பணி ஆணையில் பணியிடம் என்ன என்று எழுதப்பட்டிருக்கிறது என்பதே முதல் சான்று. சிறுசேரியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் டி.சி.எஸ். நிறுவனம் 2023 அக்டோபரிலிருந்து ஊழியர்களை வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. பின்னர் ஊதியத்தின் ஒரு பகுதியை வருகையுடனும் இணைத்தது. சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் இருக்கும் நிறுவனங்களுக்கு இன்னொரு கட்டும் உண்டு: அங்கே வீட்டிலிருந்து வேலைக்கு 2022 ஜூலையில்தான் தனி விதி சேர்க்கப்பட்டது, அந்த அனுமதியும் காலக்கெடு வைத்துத் தரப்பட்டது.

ஆகவே தனியாக மறுப்பதைவிடக் குழுவாகப் பேசுங்கள். அலுவலக நாள்களைச் செவ்வாய் முதல் வியாழன் வரை குவிக்காமல் பிரித்துத் தரும்படியும், காலை 11 மணிக்குத் தொடங்க அனுமதிக்கும்படியும், பணியில் சேர்ந்த பிறகு செய்த கொள்கை மாற்றத்துக்கு மாதக்கணக்கில் அவகாசம் தரும்படியும் கேட்கலாம். இவை நிறுவனத்துக்குப் பெரிய செலவு வைக்காத கோரிக்கைகள்.

மெட்ரோ வந்துவிட்டால் இந்தப் பேச்செல்லாம் முடிந்துவிடும் அல்லவா?

பயணம் எளிதாகும், பேச்சு முடியாது. இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். மாதவரத்திலிருந்து ஒன்று ஓ.எம்.ஆர். வழியாகச் சிறுசேரி சிப்காட்டுக்கும், இன்னொன்று கோயம்பேடு, ஆலந்தூர், மடிப்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கும் வருகின்றன. மூன்றாவது கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகிறது. இவை அலுவலக நாளின் சிரமத்தைக் குறைக்கும். ஆனால் வீட்டில் இருக்கும் நாளில் உங்களுக்குத் தேவை நிலையத்துக்கும் தெருவுக்கும் இடையிலான நடைபாதை, பகலில் ஓடும் சிற்றுந்து, ஒரு படிப்பகம், ஒரு பூங்கா. அவற்றை மெட்ரோ கொண்டுவராது.

அப்படியென்றால் இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது?

சென்னை, தாம்பரம், ஆவடி மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் வார்டுக் குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022-இல் விதிகள் வந்துவிட்டன. பகுதி சபைக் கூட்டத்தில் நடைபாதை, பூங்கா, மழைநீர் வடிகால், படிப்பகம் ஆகியவற்றைக் கோரிக்கையாக எழுதிக் கொடுத்து, கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். எங்களைப் போன்ற ஊராட்சிப் பகுதியினருக்கு அதே வேலையைக் கிராம சபையில் செய்யலாம். பேருந்து உள்ளாட்சியின் கையில் இல்லை. பகல் நேரச் சேவைக்கான மனு மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தனியாகப் போக வேண்டும். அந்த மனுவில் "பேருந்து வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தெருவிலிருந்து எந்த மருத்துவமனைக்கு, எந்த நிலையத்துக்கு, எந்த மணிக்கு, ஏறத்தாழ எத்தனை பேர் என்று எழுதுங்கள். வாரநாளில் வீட்டில் இருக்கும் நீங்கள் தெருமுனையில் நின்று எண்ணிச் சொல்லக்கூடிய விவரம் அது.